ஜிலேபி மட்டும் சாகிறது: வளர்ப்பு மீனில் புதிய வைரஸைத் தேடுவது எப்படி?

"சார், ஜிலேபி மட்டும் செத்து மிதக்குது. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் ஒண்ணும் ஆகல."

மீன் நோய் ஆய்வகத்தில் சேர்ந்தவருக்கு இப்படி ஒரு ஃபோன் என்றாவது வரும். ஜிலேபி என்பது திலேப்பியா மீனுக்கு நம் ஊரில் வழங்கும் பெயர். பதற்றத்தில் சொன்ன அந்த வரிக்குள்ளேயே பெரிய துப்பு ஒன்று இருக்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் எல்லா மீனும் திணறும். பூச்சிமருந்து கலந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரே தண்ணீரில் ஓர் இனம் மட்டும் சாகிறது என்றால், அந்த இனத்தை மட்டும் பிடிக்கும் ஏதோ ஒன்று குளத்துக்குள் வந்திருக்கலாம்.

மீன்வளப் படிப்பை முடித்து இப்போதுதான் வேலைக்கு வந்திருப்பவர்களுக்காகவும், பண்ணையில் மாதிரி எடுக்கும் பொறுப்பு தலையில் விழுந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் நோய்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். பெயரே இல்லாத நோய் வந்தால் என்ன செய்வது என்பதை அங்கே தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

வழி சொல்ல ஒரே ஒரு வைரஸின் கதையைக் கடைசிவரை கூடவே கூட்டிப்போகிறேன். இஸ்ரேலில் கின்னரெட் என்றொரு ஏரி. விவிலியம் அதைக் கலிலேயாக் கடல் என்கிறது. பேதுரு மீன் என்று பெயர் பெற்ற அங்கத்துத் திலேப்பியா 2005இல் 316 டன் பிடிபட்டது. 2009இல் கிடைத்தது வெறும் 8 டன். அதே 2009 முதல் பண்ணைக் குளங்களிலும் திலேப்பியா கூட்டங்கூட்டமாகச் செத்தது. உடன் வளர்ந்த கெண்டையும் மடவையும் நன்றாகவே நீந்திக்கொண்டிருந்தன. காரணம் அதுவரை யாரும் அறியாத ஒரு வைரஸ் என்று 2014இல் வெளியானது. இன்று அதன் பெயர் திலேப்பியா ஏரி வைரஸ். 2018இல் மேற்கு வங்கத்திலும் கேரளத்திலும் உள்ள பண்ணைகளில் அது இருப்பது பதிவானது. ஆகவே இதை எங்கோ நடந்த கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

முதல் படி: வைரஸை மறந்துவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

குளத்துக்குப் போனதும் மீனை அறுக்க உட்காராதீர்கள். முதலில் ஆக்சிஜன், வெப்பம், கார அமிலத்தன்மை, அம்மோனியா நான்கையும் அளந்து எழுதுங்கள். விடியற்காலையில் பெரிய மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை விழுங்கிச் செத்தால் அது பெரும்பாலும் ஆக்சிஜன் பிரச்சினை. ஒரே இரவில் எல்லாம் செத்து, மறுநாள் சாவே இல்லை என்றால் நஞ்சைச் சந்தேகிக்கலாம். தொற்றுநோய் வேறு மாதிரி நடந்துகொள்ளும். இன்று பத்து, நாளை முப்பது, அடுத்த நாள் நூறு என்று ஏறி, ஒரு உச்சத்தைத் தொட்டு இறங்கும். இந்தக் கணக்கை விவசாயி எழுதி வைத்திருக்க மாட்டார். உட்கார்ந்து பேசினால் நினைவிலிருந்து சொல்வார். அந்தப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

குஞ்சு எங்கே வாங்கினார், எந்தத் தேதியில் விட்டார், எந்த அளவு மீன் சாகிறது, பக்கத்துக் குளத்துக்கு அதே வலையைப் போட்டாரா, தீவனம் மாறியதா, கடைசியாக என்ன மருந்து போட்டார் என்று எல்லாவற்றையும் கேளுங்கள். தாய்லாந்தில் திலேப்பியாக் குஞ்சுகளைக் கூண்டுகளுக்கு மாற்றிய முதல் மாதத்திலேயே சாவு தொடங்குவதைக் கவனித்தார்கள். இஸ்ரேலில் மே முதல் அக்டோபர் வரையான வெயில் காலத்தில்தான் சாவு அதிகம். இப்படிப்பட்ட விவரங்களை எந்தக் கருவியும் உங்களுக்குச் சொல்லாது.

கிளம்பும்போது உங்கள் பூட்ஸையும் வலையையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த பண்ணைக்கு நோயைச் சுமந்துபோகும் ஆளாக நாம் இருக்கக் கூடாது.

இரண்டாம் படி: மாதிரி

இந்தப் படியில்தான் அதிகம் தங்கப்போகிறேன். இங்கே தவறு செய்தால் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரம் இருந்தும் பயனில்லை.

செத்து மிதக்கும் மீனை எடுக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே உள்ளுறுப்புகள் கூழாகி, தண்ணீரில் உள்ள பாக்டீரியாக்கள் எல்லாம் உள்ளே குடியேறிவிடும். வேண்டியது சாகப்போகும் மீன். கூட்டத்தைவிட்டு ஒதுங்கி, கரையோரம் மந்தமாக மிதப்பது, நிறம் கறுத்தது, தீவனத்துக்கு வராதது எல்லாம் இந்த வகை. அப்படி ஐந்து முதல் பத்து மீன் எடுங்கள். கூடவே அதே குளத்தில் நன்றாக நீந்தும் மீன் ஐந்து, சாவே இல்லாத குளத்திலிருந்து ஐந்து எடுங்கள். புதியவர்கள் எப்போதும் விட்டுவிடுவது இந்த நல்ல மீன்களைத்தான். நோயுற்ற மீனில் ஒரு வைரஸ் இருந்தால் மட்டும் போதாது. நல்ல மீனில் அது இல்லை, அல்லது மிகக் குறைவு என்று காட்டினால்தான் அந்தத் தகவலுக்கு எடை.

கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மீனை மயக்கி, அது துன்பப்படாமல் இறந்த பிறகு அறுங்கள். அதற்கு முன் வெளிப்புறத்தைப் படம் எடுங்கள். திலேப்பியா ஏரி வைரஸில் கண் வெளுத்துப் பூ விழுந்ததுபோல் ஆகும், தோல் அரிக்கும், மூளை உறையில் இரத்தக் கசிவு இருக்கும். ஆனால் கண் வெளுப்பைப் பார்த்ததும் முடிவுக்கு வராதீர்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவும் திலேப்பியாவின் கண்ணை அப்படியே கெடுக்கும்.

கல்லீரல், மண்ணீரல், மூளை, அப்புறம் முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக நீண்டு கிடக்கும் சிறுநீரகம் ஆகிய நான்கையும் கட்டாயம் எடுங்கள். செவுளும் எடுத்தால் நல்லது. ஒவ்வோர் உறுப்பையும் பங்கிட வேண்டும். ஒரு பங்கு 10 சதவீத நியூட்ரல் ஃபார்மலினில் போகட்டும். துண்டு அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இருக்கக் கூடாது, ஃபார்மலின் திசுவைப்போல் பத்து மடங்கு இருக்க வேண்டும். அடுத்த பங்கு 95 சதவீத எத்தனாலில், மரபணுச் சோதனைக்கு. மூன்றாவது பங்கு ஆன்டிபயாட்டிக் சேர்த்த செல் வளர்ப்பு ஊடகத்தில், தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் மேல். வைரஸை உயிரோடு வளர்க்கப் பயன்படுவது இந்த மூன்றாவது பங்குதான். இதைச் சாதாரண ஃப்ரீசரில் வைத்து உறைய விடாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். வழியே இல்லை என்றால் 48.

லேபிளைப் பென்சிலில் எழுதுங்கள். என் முதல் பயணத்தில் பேனாவால் எழுதிக் குப்பிகளில் ஒட்டினேன். ஒரு குப்பியிலிருந்து கசிந்த எத்தனால் அத்தனை எழுத்தையும் கரைத்துவிட்டது. நான்கு குளத்து மாதிரிகளில் எது எந்தக் குளம் என்று தெரியாமல் போயிற்று. அந்த விவசாயியிடம் மறுபடி போய் மீன் கேட்பதற்குள் குளத்தில் சாவு நின்றிருந்தது. உயிரோடு இருந்த துப்பு போய்விட்டது. அன்றிலிருந்து ஒரு சிறிய காகிதத் துண்டில் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளேயும் போட்டுவிடுகிறேன்.

மூன்றாம் படி: தெரிந்த குற்றவாளிகளை விலக்குங்கள்

குளத்தங்கரையிலேயே செவுளிலிருந்தும் தோலிலிருந்தும் சிறிது வழித்தெடுத்து நுண்ணோக்கியில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீரகத்தையும் மூளையையும் அகார் தட்டில் தீற்றி வளர விடுங்கள். எல்லா மீனிலும் ஒரே வகைப் பாக்டீரியா மட்டும் அடர்த்தியாக வளர்ந்தால் முதல் சந்தேகம் அதன்மேல். ஆனால் வைரஸ் தளர்த்திவிட்ட உடலில் பாக்டீரியா பின்னால் நுழைவதும் உண்டு. ஆகவே பாக்டீரியா கிடைத்தவுடன் தேடலை மூடிவிட வேண்டாம்.

பிறகு அறிந்த வைரஸ்களுக்கான பிசிஆர், அதாவது வைரஸின் மரபணுத் துண்டைப் பல மடங்கு நகலெடுத்துக் கண்டறியும் சோதனை. திலேப்பியாவானால் ஏரி வைரஸ், நரம்புச் சிதைவு உண்டாக்கும் நோடா வைரஸ், மண்ணீரலைத் தாக்கும் இரிடோ வைரஸ் ஆகிய மூன்றையாவது பார்த்துவிட வேண்டும். மாதிரியை அரைக்கும் அறையும், பிசிஆர் கலவை சேர்க்கும் அறையும் வேறு வேறாக இருக்கட்டும். தண்ணீர் மட்டும் போட்ட நெகட்டிவ் கன்ட்ரோலில் பட்டை (வைரஸ் இருப்பதைக் காட்டும் கோடு) தெரிந்தால் அந்த நாள் முடிவு முழுவதையும் தூக்கிப் போடுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

எல்லாம் நெகட்டிவ் என்று வந்தால் பலர் அறிக்கையில் "வைரஸ் இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. நாம் தேடிய வைரஸ்கள் இல்லை, அவ்வளவுதான். புதிய ஒன்றைத் தேடும் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

நான்காம் படி: திசுவைப் படிப்பது

ஃபார்மலினில் போட்ட துண்டுகளை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றிப் பார்க்க வேண்டும். இன்றைய இளைஞர்கள் இதைப் பழைய வேலை என்று தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம். எக்வடோரில் 2011, 2012 வாக்கில் திலேப்பியா சாகத் தொடங்கியபோது, கல்லீரல் செல்கள் பல ஒன்றாக ஒட்டிப் பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்களாக ஆகியிருந்ததைத் திசுவில்தான் பார்த்தார்கள். இஸ்ரேலில் மூளையும் கண்ணும், எக்வடோரில் கல்லீரல். வேறு வேறு நோய் என்றே யாருக்கும் தோன்றும். பிறகு மரபணுவை ஒப்பிட்டபோது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வைரஸ் என்று தெரிந்தது. அழிவு எந்த உறுப்பில் இருக்கிறது என்று திசு காட்டிவிட்டால், வைரஸை எந்த உறுப்பில் தேடலாம் என்பதும் தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: செல்லில் வளர்ப்பது

ஐஸில் வந்த திசுவைப் பத்து மடங்கு ஊடகத்தில் அரைத்து, குளிர்ந்த சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேலே தெளிந்ததை 0.22 அல்லது 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிக்க வேண்டும். 0.22 வடிகட்டியில் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தங்கிவிடும், வைரஸ் கடந்து போகும். வடித்ததை மீன் செல்களின் மேல் ஊற்றி, ஏறக்குறைய 25 டிகிரியில் வைத்து, தினமும் நுண்ணோக்கியில் பாருங்கள். செல்கள் சுருங்கி, உருண்டு, தரையைவிட்டுப் பிரிந்து, ஆங்காங்கே ஓட்டை விழுந்தால் உள்ளே ஏதோ பெருகுகிறது. ஏரி வைரஸுக்கு இதற்கு ஐந்து முதல் பத்து நாள் ஆகும். ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்தத் திரவத்தை எடுத்துப் புதிய செல்லில் ஊற்றுங்கள். குறைந்தது இரண்டு மூன்று சுற்று இப்படிப் போகாமல் கைவிடாதீர்கள்.

ஏரி வைரஸ் வளர்ந்த செல் லைனின் (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கிவரும் செல் வகையின்) பெயர் இ-11. அதன் பூர்வீகம் தெரிந்தால் தமிழ் வாசகர்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். எஸ்எஸ்என்-1 என்ற செல் லைனிலிருந்து பிரித்தது அது. அந்த எஸ்எஸ்என்-1 உருவானது நம் ஏரிகளிலும் கண்மாய்களிலும் துள்ளும் விரால் மீனின் திசுவிலிருந்து.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இந்த விரால் செல்களுக்குள்ளேயே ஒரு ரெட்ரோ வைரஸ் நிரந்தரமாகத் தங்கியிருக்கிறது. உங்கள் மாதிரியை இதில் வளர்த்து மரபணுவைப் படித்தால் அந்தப் பழைய வாடகைக்காரரும் சேர்ந்தே வருவார். விவரம் தெரியாதவர் "புதிய வைரஸ்" என்று துள்ளிக் குதித்துவிடுவார். ஆகவே மாதிரி ஊற்றாத வெறும் செல்லையும் அதே நாளில், அதே முறையில், அதே இயந்திரத்தில் படிக்க வேண்டும். இரண்டிலும் இருப்பதைக் கழித்துவிட்டு, மாதிரி ஊற்றியதில் மட்டும் இருப்பதைப் பாருங்கள்.

செல்லில் வளரவே வளராத வைரஸ்களும் உண்டு. நார்வேயில் வளர்ப்பு சால்மனின் இதயமும் தசையும் வீங்கும் நோயை 1999இல் முதலில் பார்த்தார்கள். அதோடு தொடர்புள்ள ரியோ வைரஸ் 2010இல்தான் மரபணு வாசிப்பு மூலம் தெரிய வந்தது. செல் வளர்ப்பை மட்டும் நம்பியிருந்தால் அது இன்னும் பிடிபட்டிருக்காது.

வளர்ந்துவிட்டால் இரண்டு எளிய சோதனைகள் செய்யுங்கள். குளோரோஃபார்ம் அல்லது ஈதரில் கலக்கியதும் வைரஸ் தன் வீரியத்தை இழந்தால் அதற்குக் கொழுப்பு உறை இருக்கிறது என்று பொருள். ஏரி வைரஸ் இழந்தது. அப்புறம் எலக்ட்ரான் நுண்ணோக்கி. அதில் ஏரி வைரஸின் துகள் 55 முதல் 75 நானோமீட்டர் வரை இருந்தது.

ஆறாம் படி: மரபணுவைப் படித்து, பொருந்தாததையும் படிப்பது

ஆர்என்ஏவைப் பிரித்து, குறிப்பிட்ட எந்த வைரஸையும் குறிவைக்காத பொதுவான பிரைமர்களால் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குறுந்துண்டுகளால்) நகலெடுத்து, இயந்திரத்தில் கொடுத்தால் கோடிக்கணக்கான குறுந்துண்டுகள் வரும். அவற்றில் பெரும்பகுதி மீனுடையது. மீன் மரபணுவைக் கழித்து, மிச்சத்தை ஒட்டி நீளமாக்கி, உலகத் தரவுத்தளத்தோடு ஒப்பிட வேண்டும். மரபணுவின் எழுத்துகளை, அதாவது அதன் வேதி அலகுகளை, ஒன்றுக்கு ஒன்று ஒப்பிட்டால் தூரத்து உறவு தெரியாது. புரதமாக மொழிபெயர்த்து ஒப்பிடுங்கள். ஆர்என்ஏ வைரஸ்களில் அதிகம் மாறாத பகுதி, அவை தம்மை நகலெடுக்கப் பயன்படுத்தும் பாலிமரேஸ் நொதி. முதலில் அதைத் தேடுங்கள்.

ஏரி வைரஸ் இந்த இடத்தில்தான் எல்லோரையும் திணற வைத்தது. 2014இல் கிடைத்த முதல் துண்டு 1,326 எழுத்து நீளம். உலகில் அறிந்த எதனோடும் அது பொருந்தவில்லை. பொருந்தாததைக் குப்பை என்று எறிய ஆயிரம் காரணம் சொல்லலாம். அவர்கள் எறியவில்லை. அந்தத் துண்டுக்கே பிரைமர் வடிவமைத்து, நோயுற்ற மீன்களில் அது இருக்கிறதா என்று தேடினார்கள். இருந்தது.

பிறகு டெல் அவிவ் பல்கலைக்கழகம், கிம்ரோன் கால்நடை ஆய்வு நிறுவனம், கொலம்பியா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து 2016இல் முழு மரபணுவையும் வெளியிட்டார்கள். மொத்தம் பத்துத் துண்டுகள், 10,323 எழுத்துகள். மிகப் பெரிய துண்டின் ஒரு பகுதி மட்டும் இன்ஃப்ளுயென்சா சி வைரஸின் பாலிமரேஸோடு ஏறக்குறைய 17 சதவீதம் ஒத்துப்போனது. மற்ற ஒன்பதும் யாருக்கும் உறவில்லை. அப்படியானால் அவை ஒரே வைரஸின் துண்டுகள் என்று எப்படித் தெரிந்தது? பத்துத் துண்டுகளின் முனைகளிலும் ஒரே மாதிரியான குறுவரிசை இருந்தது. இன்ஃப்ளுயென்சா குடும்பத்தின் துண்டுகளிலும் இப்படித்தான் இருக்கும். அதன்பின் வைரஸின் புரதங்களை நிறை நிறமாலை முறையில் அளந்து, அவை இந்தத் துண்டுகளிலிருந்துதான் உருவாகின்றன என்று உறுதி செய்தார்கள்.

உங்கள் தரவிலும் பெயரில்லாத துண்டுகள் நிறையக் கிடைக்கும். நோயுற்ற மீன் எல்லாவற்றிலும் ஒன்றாகத் தோன்றி, நல்ல மீன்களில் ஒன்றாகவே மறைகிற துண்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றின் முனைகளை ஒப்பிடுங்கள்.

ஏழாம் படி: இதுதான் கொன்றதா?

வைரஸ் கிடைத்தது வேறு, அது நோயை உண்டாக்குகிறது என்று நிரூபிப்பது வேறு. ஆரோக்கியமான மீனிலும் எத்தனையோ வைரஸ்கள் சும்மா தங்கியிருக்கும். நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கி, வெளியேறும் தண்ணீரைக் கிருமிநீக்கம் செய்யும் வசதியுள்ள இடத்தில், நோயற்ற மீன்களை மூன்று தொட்டிகளில் விட வேண்டும். முதல் தொட்டி மீன்களுக்கு வளர்த்த வைரஸை ஊசியில் கொடுங்கள். இரண்டாவதில் வைரஸ் இல்லாத செல் திரவத்தை ஊசியில் கொடுங்கள். மூன்றாவதில் ஊசி போட்ட மீன்களையும் போடாத மீன்களையும் அடையாளமிட்டு ஒன்றாக விடுங்கள். முதல் தொட்டியில் அதே அறிகுறியோடு செத்து, இரண்டாவதில் சாவில்லாமல், மூன்றாவதில் ஊசி போடாத மீனும் தொற்றிச் செத்து, செத்த மீனிலிருந்து அதே வைரஸை மீண்டும் பிரித்தெடுத்தால்தான் வழக்கு நிற்கும். ஏரி வைரஸ் இவை எல்லாவற்றையும் காட்டியது. அதற்கு மேல், பிழைத்த மீன்கள் இரண்டாம் முறை வைரஸைத் தாங்கிக்கொண்டன.

திசுவில் அழிந்த இடத்திலேயே வைரஸின் ஆர்என்ஏ இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு பலமான சான்று. செல்லில் வளராத வைரஸானால் இந்தச் சான்றைத்தான் முதலில் நம்ப வேண்டியிருக்கும். முன்பு சொன்ன சால்மன் ரியோ வைரஸுக்குக் காரணத் தொடர்பு நிரூபணமானது 2017இல். அதுவும் மீனின் இரத்த செல்களிலிருந்து வைரஸைத் தூய்மைப்படுத்தி ஊசி போட்ட பிறகுதான். நோயைப் பார்த்து பதினெட்டு ஆண்டு. உங்கள் தேடல் இரண்டு ஆண்டில் முடியாவிட்டால் மனம் தளராதீர்கள்.

எட்டாம் படி: சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுங்கள்

நிரூபணம் முழுமையாகும்வரை காத்திருக்க வேண்டாம். அசாதாரணச் சாவு என்று சந்தேகம் வந்த அன்றே மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இந்தியாவில் நீர்வாழ் விலங்கு நோய்களுக்கான தேசியக் கண்காணிப்புத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபு வளப் பணியகம் அதை ஒருங்கிணைக்கிறது. விவசாயியே நேரடியாகத் தெரிவிக்க 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' என்ற கைபேசிச் செயலி 2023இல் வந்தது. தமிழ்நாட்டில் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையமும், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகமும் நீங்கள் ஆலோசனை கேட்க ஏற்ற இடங்கள். மரபணு வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தில் போட்டுவிடுங்கள். பூட்டி வைத்தால் அடுத்த நாட்டில் இதே துண்டைப் பார்த்துத் திணறுபவருக்கு அது கிடைக்காது.

பெயர் வைக்கும் ஆசை எல்லோருக்கும் இருக்கும். ஊர்ப் பெயரையோ பண்ணைப் பெயரையோ வைத்து ஒருவர் பிழைப்பைக் கெடுக்காதீர்கள். ஏரி வைரஸின் குடும்பத்துக்கு அம்னூன்விரிடே என்று பெயர். ஹீப்ருவில் அம்னூன் என்றால் திலேப்பியா. யாரையும் புண்படுத்தாத நல்ல பெயர்.

இவ்வளவு நாளும் ஃபோன் செய்த விவசாயி காத்துக்கொண்டிருப்பார். அவருக்கு அம்னூன்விரிடே வேண்டாம். "அடுத்த குஞ்சு எப்ப விடலாம்?" என்றுதான் கேட்பார். நேரடியாகப் பதில் சொல்லுங்கள். இந்த வைரஸைக் கொல்லும் மருந்து கடையில் கிடையாது, ஆன்டிபயாட்டிக்கில் பணத்தைக் கொட்ட வேண்டாம். செத்த மீனை வாய்க்காலில் எறியாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். தண்ணீரைக் கிருமிநீக்கம் செய்யாமல் வெளியே விடக் கூடாது. குளத்தை வற்றவைத்து, வெடிப்பு விடும்வரை காயவிட்டு, சுண்ணாம்பு போட்ட பிறகு, பிசிஆரில் நெகட்டிவ் என்று சான்று உள்ள குஞ்சை மட்டும் வாங்கலாம். பிழைத்த மீன்களைத் தாய்மீனாக வைக்க வேண்டாம், தாயிடமிருந்து குஞ்சுக்கும் இது போகும் என்று பின்னால் தெரிய வந்திருக்கிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும், இறந்த தொகுதியை வாங்கிய பொரிப்பகம் எது, எந்தத் தேதி என்று மறுபடி ஒருமுறை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதே வாரத்தில் அங்கே குஞ்சு எடுத்த மற்ற பண்ணைகளுக்குப் பென்சிலும் ஐஸ் பெட்டியுமாக மறுநாள் காலையிலேயே கிளம்ப வேண்டியிருக்கும்.